தி டவுன்வர்ட் ஸ்பைரல்: உருவாக்கமும் வரவேற்பும்

தி டவுன்வர்ட் ஸ்பைரல் அமெரிக்க இண்டஸ்ட்ரியல் ராக் இசைக்குழுவான நைன் இஞ்ச் நெய்ல்ஸின் இரண்டாவது முழுநீள இசைத்தொகுப்பு. மார்ச் 8, 1994 அன்று வெளியானது. 14 பகுதிகள், சுமார் 65 நிமிடங்கள் கொண்டது. குழுவின் நிறுவனரும் பாடகருமான ட்ரெண்ட் ரெஸ்னர் பாடல்களை எழுதி, பிரிட்டிஷ் தயாரிப்பாளர் ஃப்ளட்டுடன் இணைந்து தயாரித்தார். ஒரு மனிதன் மதம், காமம், அதிகாரம், உறவு ஆகியவற்றை ஒவ்வொன்றாக உதறித் தன்னையே அழித்துக்கொள்வது இதன் பொருள். சிறு வட்டத்திற்குள் புழங்கிவந்த ஓர் இசைவகையைப் பல லட்சம் கேட்பவர்களிடம் கொண்டுசென்ற படைப்பு என்னும் இடம் இதற்கு உண்டு. அது எழுப்பிய ஒழுக்கக் கேள்விகளும் இன்றுவரை முற்றாக முடிந்துவிடவில்லை.

பின்னணி

இண்டஸ்ட்ரியல் இசை 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனில் உருவானது. த்ராபிங் க்ரிஸ்ல் குழு 1976ல் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்னும் நிறுவனத்தின் பெயரே இவ்வகைக்கும் பெயரானது. ஷெஃபீல்டின் கேபரே வால்டேர், மேற்கு பெர்லினின் ஐன்ஸ்டூர்ட்சென்டே நொய்பாவ்டன் ஆகிய குழுக்கள் ஒலிநாடாத் துண்டுகள், இயந்திர இரைச்சல், உலோகத் தகடுகள், துளையிடும் கருவிகள் போன்றவற்றை இசைக்கருவிகளாக்கின. இனிமையைத் தருவது இவர்களின் நோக்கமல்ல. நவீன நகர வாழ்வில் மனிதன் அன்றாடம் கேட்டும் கேளாததுபோல் கடந்துசெல்லும் ஒலிகளை அவன் முன்னால் வைப்பதே நோக்கம். 1980களில் சிகாகோவின் வாக்ஸ் ட்ராக்ஸ் நிறுவனம் வழியாகவும், மினிஸ்ட்ரி, கனடாவின் ஸ்கின்னி பப்பி போன்ற குழுக்கள் வழியாகவும் இவ்விசை நடனத்தாளத்தையும் கனத்த கித்தாரையும் சேர்த்துக்கொண்டது.

ரெஸ்னர் பென்சில்வேனியாவின் மெர்சர் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். சிறுவயதிலேயே பியானோ கற்றவர். கிளீவ்லாந்தில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் துப்புரவு உள்ளிட்ட எடுபிடி வேலைகள் செய்தபடி, வாடிக்கையாளர்கள் இல்லாத நேரங்களில் தன் பாடல்களைப் பதிவுசெய்தார். அவற்றிலிருந்து உருவானது முதல் தொகுப்பான ப்ரெட்டி ஹேட் மெஷின் (1989). அதன் வெற்றிக்குப் பின் அதை வெளியிட்ட டிவிடி நிறுவனத்துடன் அவருக்குக் கடும் பூசல் ஏற்பட்டது. அந்தக் கசப்பின் வெளிப்பாடு ப்ரோக்கன் (1992) என்னும் சிறுதொகுப்பு. இண்டர்ஸ்கோப் நிறுவனத்தின் கீழ் நத்திங் என்னும் தன் சொந்த வெளியீட்டுப் பிரிவையும் அவர் தொடங்கினார். எவருடைய குறுக்கீடும் இன்றி, வேண்டிய காலத்தை எடுத்துக்கொண்டு பணியாற்றும் நிலை அவருக்கு முதன்முறையாக அப்போது அமைந்தது.

டேவிட் போவியின் லோ, பிங்க் ஃப்ளாய்டின் தி வால் ஆகிய தொகுப்புகளைத் தன் முன்மாதிரிகளாக ரெஸ்னர் குறிப்பிட்டிருக்கிறார். முதலாவது ஒலிச்சூழலை முதன்மைப்படுத்துவது, இரண்டாவது ஒரே பாத்திரத்தின் வீழ்ச்சியைத் தொடர்கதையாகச் சொல்வது. இவ்விரண்டையும் இண்டஸ்ட்ரியல் இசையின் இரைச்சலுக்குள் கொண்டுவரும் முயற்சியாக தி டவுன்வர்ட் ஸ்பைரலை வரையறுக்கலாம்.

பதிவு நடந்த வீடு

தொகுப்பின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சல்ஸில் 10050 சியலோ டிரைவ் என்னும் முகவரியில் இருந்த வீட்டில் பதிவானது. ஆகஸ்ட் 1969ல் நடிகை ஷாரன் டேட் உட்பட ஐந்து பேர் சார்ல்ஸ் மேன்சனின் கூட்டத்தினரால் கொல்லப்பட்ட வீடு அது. ஷாரன் டேட் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. கொலையாளிகள் முன்கதவில் ரத்தத்தால் பன்றி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுதிச்சென்றனர். ரெஸ்னர் 1992ல் அவ்வீட்டை வாடகைக்கு எடுத்து ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றினார். அதற்கு அவர் வைத்த பெயர் லெ பிக்.

வீட்டைப் பார்த்துத் தேர்வுசெய்தபோது அதன் வரலாறு தனக்குத் தெரியாது என்றும், தொகுப்பில் பன்றி என்னும் சொல் இடம்பெறும் பாடல்களுக்கும் கொலைகளுக்கும் தொடர்பில்லை என்றும் ரெஸ்னர் கூறினார். ஆனால் கூடத்திற்கு வைத்த பெயர் தற்செயலானதல்ல. அது தெரிந்தே செய்யப்பட்ட கறுப்பு நகைச்சுவை. பின்னாளில் ஷாரன் டேட்டின் சகோதரியை நேரில் சந்திக்க நேர்ந்ததைப் பற்றி 1997ல் ரோலிங் ஸ்டோன் இதழுக்கு அளித்த நேர்காணலில் அவர் பேசினார். தன் சகோதரியின் சாவை அவர் பயன்படுத்திக்கொள்கிறாரா என்று அப்பெண் கேட்டார். அதுவரை அவ்வீட்டை அமெரிக்கத் தொன்மக்கதையின் ஒரு பகுதியாக மட்டுமே பார்த்துவந்த தனக்கு, சகோதரியை இழந்த ஒருத்தியின் பக்கம் என ஒன்று உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது என்று ரெஸ்னர் ஒப்புக்கொண்டார். வீடு 1994ல் இடிக்கப்பட்டது. அதற்கு முன் அவர் அந்த முன்கதவைக் கழற்றி நியூ ஆர்லியன்ஸில் தான் அமைத்த புதிய பதிவுக்கூடத்திற்குக் கொண்டுசென்றிருந்தார்.

இச்செய்தி வெறும் பின்புலத் தகவல் அல்ல. இண்டஸ்ட்ரியல் இசை தொடக்கம் முதலே கொலை, சித்திரவதை, சர்வாதிகாரம் ஆகியவற்றின் படிமங்களைக் கையாண்டு வந்தது. சமூகம் மறைத்துவைப்பதை வெளிக்காட்டுகிறோம் என்பது அதன் வாதம். அந்த வாதம் எங்கே நின்று, பிறர் துயரத்தை அலங்காரமாக்குவது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியைச் சியலோ டிரைவ் வீடு கூர்மையாக முன்வைக்கிறது. தொகுப்பில் உள்ள வலி ரெஸ்னருடையது. ஆனால் வீட்டில் இருந்த வலி அவருடையது அல்ல.

ஒலியின் உருவாக்கம்

இத்தொகுப்பு உருவான காலத்தில் கணினி பெரும்பாலான ராக் இசைக் கலைஞர்களுக்கு வெறும் துணைக்கருவியாகவே இருந்தது. ரெஸ்னரும் ஃப்ளட்டும் அதை முதன்மைக் கருவியாக்கினர். கித்தார், டிரம்ஸ், குரல் எல்லாம் முதலில் இயல்பாக வாசித்தும் பாடியும் பதிவுசெய்யப்பட்டன. பின்னர் அவை மேகிண்டாஷ் கணினியில் வெட்டி, திரித்து, அடுக்கப்பட்டன. இறுதியில் கேட்பது கித்தாரா சிந்தசைசரா என்று பிரித்தறிய முடியாத நிலை உருவாயிற்று. ஜேன்ஸ் அடிக்‌ஷன் குழுவின் ஸ்டீபன் பெர்கின்ஸ் வாசித்த டிரம்ஸ், சுழல் துண்டுகளாக வெட்டிப் பயன்படுத்தப்பட்டது. போவியுடனும் கிங் கிரிம்சன் குழுவுடனும் பணியாற்றிய ஏட்ரியன் பெலூவின் கித்தார் தொடக்கப் பாடலான மிஸ்டர் செல்ஃப் டிஸ்ட்ரக்ட்டிலும் தி பிகமிங் பாடலிலும் ஒலிக்கிறது. கிறிஸ் வ்ரென்னா மாதிரியொலிகளைத் திரட்டுவதில் துணைநின்றார். ஒலிக்கலவைப் பணியின் பெரும்பகுதியைச் செய்தவர் ஆலன் மோல்டர்.

மாதிரியொலிகளின் தேர்வில் ஒரு பொருள் இருக்கிறது. தொகுப்பின் முதல் ஒலியே ஜார்ஜ் லூகாஸின் டிஎச்எக்ஸ் 1138 படத்தில் ஒருவன் அடிபடும் ஓசை. அந்த அடிகள் மெல்ல வேகம்கொண்டு பாடலின் தாளத்துக்குள் இட்டுச்செல்கின்றன. மனிதன் இயந்திரமாக மாறுவதைச் சொல்லும் தி பிகமிங் பாடலில் ஒரு திரைப்படத்தின் கூட்ட அலறல் திரும்பத் திரும்பச் சுழல்கிறது. சில நிமிடங்களில் அது அலறலாகக் கேட்காமல் இயந்திரத்தின் சீரான ஓசையாகிவிடுகிறது. வதை பழகிப்போவதைப் பாடலின் சொற்கள் விளக்க வேண்டியதில்லை, கேட்பவரின் காதே அதை அனுபவித்துவிடுகிறது. குளோசர் பாடலின் அடித்தாளம் இக்கி பாப்பின் நைட்கிளப்பிங் பாடலிலிருந்து எடுத்து மாற்றப்பட்டது. ஒரு திருகிய இதயத்துடிப்பைப் போன்ற அந்த ஒலிதான் இத்தொகுப்பில் மிகப் பரவலாக அறியப்பட்டது.

இத்தொகுப்பின் ஆற்றல் உரத்த ஒலியில் இருப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. உண்மையில் அது அமைதியைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. மிஸ்டர் செல்ஃப் டிஸ்ட்ரக்டின் நடுவில் இரைச்சல் சட்டென்று விலகி, முணுமுணுப்பு மட்டும் எஞ்சுகிறது. மார்ச் ஆஃப் தி பிக்ஸ் பாடல் ஏழு, ஏழு, ஏழு, எட்டு என மொத்தம் 29 எண்ணிக்கை கொண்ட தாளச்சுற்றில் மூச்சிரைக்க ஓடுகிறது. நான்காவது சுற்றில் கூடுகிற அந்த ஒரு எண்ணிக்கையால் கேட்பவரின் கால் ஒவ்வொரு முறையும் இடறுகிறது. அந்த ஓட்டம் திடீரென நின்று, ஒரு எளிய பியானோ இசை வந்துபோகிறது. ஒன்பது பாடல்களுக்குப் பின் வரும் எ வார்ம் பிளேஸ் குரலே இல்லாத, இதமான வாத்திய இசை. அதன் மெட்டு போவியின் கிறிஸ்டல் ஜப்பானை ஒத்திருப்பதை ரெஸ்னரே ஒப்புக்கொண்டிருக்கிறார். வன்மத்தின் உச்சமான பிக் மேன் வித் எ கன் பாடலுக்கு அடுத்து அது வைக்கப்பட்டிருப்பதால், இழக்கப்பட்ட ஒன்றின் நினைவாக ஒலிக்கிறது.

அமைப்பு

கீழிறங்கும் சுருள் என்று பொருள்படும் தலைப்பு, தொகுப்பின் வடிவத்தையே சொல்கிறது. குளோசர் பாடலின் முடிவில் தனியாக ஒலிக்கும் ஒரு சிறு இறங்குவரிசை மெட்டு, தலைப்புப் பாடலில் மீண்டும் வருகிறது. முதல்முறை அது காமத்தின் களைப்பாகத் தோன்றுகிறது. இரண்டாம் முறை அதே மெட்டு தற்கொலையை விவரிக்கும், இரைச்சலுக்கு அடியில் புதைந்த குரலுக்குத் துணையாகிறது. ஒரே இடத்திற்குத் திரும்ப வருவதுபோல் தோன்றினாலும் ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே இருப்பதே சுருளின் இயல்பு. முன்கதையைச் சொல்லாமலே பாத்திரத்தின் பயணத்தை உணர்த்தும் இந்த உத்தி பொதுவாக மேற்கத்திய ஓபராவுக்கும் சிம்பொனிக்கும் உரியது. பியானோ பயின்ற ரெஸ்னர் அதை மரபிலிருந்து எடுத்துத் தன் களத்திற்குப் பொருத்தினார்.

ரஸ்ஸல் மில்ஸ் உருவாக்கிய அட்டைப்படமும் உள்ளோவியங்களும் இதே நோக்கில் அமைந்தவை. துரு, காரை, துணி, உலர்ந்த பூச்சி போன்ற பொருட்களால் ஆன அவ்வோவியங்கள் காயம்பட்டு ஆறாத தோலைப்போலத் தோன்றுபவை.

வரவேற்பும் எதிர்ப்பும்

தொகுப்பு பில்போர்ட் பட்டியலில் நேரடியாக இரண்டாம் இடத்தில் நுழைந்தது. அதே நாளில் வெளியான சவுண்ட்கார்டனின் சூப்பர் அன்நோன் முதலிடம் பெற்றது. இசை நிறுவனத்தின் சந்தை அறிவைவிட இது பெரிய வெற்றி. வானொலிக்கு ஏற்ற பாடல் ஏதும் இதில் இல்லை என்றே முதலில் கருதப்பட்டது. குளோசரின் பல்லவியில் வரும் கொச்சைச்சொல்லை நீக்கியே வானொலிகள் ஒலிபரப்பின. மார்க் ரொமானெக் இயக்கிய அதன் காணொளியை எம்டிவி பல காட்சிகளை வெட்டிய பிறகே காட்டியது. ஆகஸ்ட் 1994ல் வுட்ஸ்டாக் 94 விழாவில் உடலெங்கும் சேறு பூசியபடி குழு அளித்த நிகழ்ச்சி, அவர்களை நாடறிந்தவர்களாக்கியது. 1998க்குள் அமெரிக்காவில் நாற்பது லட்சம் பிரதிகளுக்கான சான்றிதழைத் தொகுப்பு பெற்றது.

எதிர்ப்பும் அதே அளவில் வந்தது. 1990களின் நடுவில் வில்லியம் பென்னட், டெலோரஸ் டக்கர் முதலியோர் இண்டர்ஸ்கோப்பில் பங்கு வைத்திருந்த டைம் வார்னர் நிறுவனத்திற்கு எதிராக இயக்கம் நடத்தியபோது, பிக் மேன் வித் எ கன் அவர்களின் இலக்குகளில் ஒன்றானது. 1995ல் டைம் வார்னர் அப்பங்குகளை விற்று விலகியது. ஏப்ரல் 1999ல் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தபின் கொலையாளிகள் கேட்ட இசை விசாரணைக்குள்ளானது. ஒருவனின் குறிப்பேடுகளில் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் பற்றிய குறிப்புகள் இருந்ததால் இத்தொகுப்பும் மீண்டும் குற்றவாளிக்கூண்டில் ஏற்றப்பட்டது.

இக்குற்றச்சாட்டுகள் பாத்திரத்தின் குரலையும் ஆசிரியரின் குரலையும் ஒன்றாக எடுத்துக்கொண்டவை. பிக் மேன் வித் எ கன் துப்பாக்கியையும் ஆண்மையையும் ஒன்றாக்கிக்கொள்ளும் ஒருவனின் கேவலத்தைக் காட்டுவது. இசையமைப்பே அவனைக் கேலிக்குரியவனாக்குகிறது. அதே வேளையில் ஆதரவாளர்களின் பதிலும் முழுமையானதல்ல. இத்தொகுப்பில் பெண்கள் குரலற்றவர்கள். ரெப்டைல், குளோசர் ஆகிய பாடல்களில் அவர்கள் நாயகனின் அருவருப்புக்கோ விடுதலைக்கோ ஆன கருவிகள் மட்டுமே. அது பாத்திரத்தின் குறை என்று சொல்லலாம். ஆனால் 65 நிமிடங்களில் அந்தப் பார்வைக்கு வெளியே செல்லும் சன்னல் ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. பதினான்கு பாடல்களும் ஒரே மண்டைக்குள் நிகழ்கின்றன. இதுவே தொகுப்பின் செறிவுக்கும் எல்லைக்கும் காரணம்.

ஹர்ட்

இறுதிப் பாடலான ஹர்ட்டில் மட்டும் நாயகன் முதன்முறையாக வேறொருவரை நோக்கிப் பேசுகிறான். தனிக்கித்தாரும் தழுதழுத்த குரலும் கொண்ட மெல்லிய பாடல். கித்தார்க் கோவையில் சேராத சுரம் ஒன்று தொடர்ந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. பின்னணியில் காற்றைப் போன்ற இரைச்சல். முடிவில் பேரோசையாக ஒரு கித்தார் அடி விழுகிறது. பின்னர் அதன் எச்சம் நீண்ட நேரம் தேய்ந்து அடங்குகிறது. நாயகன் இறந்தானா, பிழைத்தானா என்று தொகுப்பு தீர்ப்புச் சொல்வதில்லை.

2002ல் தயாரிப்பாளர் ரிக் ரூபினின் யோசனையால் நாட்டுப்புறப் பாடகர் ஜானி கேஷ் இப்பாடலைப் பாடினார். அப்போது அவருக்கு வயது எழுபது, நோயுற்றிருந்தார். ஒரு கொச்சைச்சொல்லை மாற்றி, அவ்விடத்தில் கிறிஸ்துவின் முள்முடியை நினைவூட்டும் சொல்லை வைத்தார். அந்தச் சேராத சுரமும் நீக்கப்பட்டது. இளைஞனின் தன்னிரக்கமாக இருந்தது முதியவரின் கணக்குமுடிப்பாக ஆயிற்று. மார்க் ரொமானெக்கே இயக்கிய காணொளியில், மூடிக்கிடந்த அவருடைய அருங்காட்சியகத்தின் தூசிக்கு நடுவே கேஷ் அமர்ந்திருக்கிறார். மனைவி ஜூன் கார்ட்டர் படியில் நின்று அவரைப் பார்க்கிறார். 2003 மே மாதம் அவரும் செப்டம்பரில் கேஷும் மறைந்தனர். காணொளியைப் பார்த்த ரெஸ்னர் அப்பாடல் இனி தன்னுடையதல்ல என்ற பொருளில் பேசினார்.

கேஷின் வடிவமே மூலத்தை விஞ்சிவிட்டது என்ற கருத்து பரவலானது. ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. கேஷின் பாடல் தன்னளவில் முழுமையானது, அதைத் தனியாகக் கேட்கலாம். ரெஸ்னரின் பாடல் பதின்மூன்று பாடல்களின் இரைச்சலைக் கடந்து வந்தவருக்கு உரியது. அந்தத் தொலைவைக் கடக்காமல் கேட்டால் அதன் மென்மை பாதியாகிவிடும்.

தாக்கம்

தொடர்ந்த ஆண்டுகளில் இத்தொகுப்பின் ஒலி ராக், மெட்டல் இசையில் விரிவாகப் பரவியது. ரெஸ்னர் இணைந்து தயாரித்த மர்லின் மேன்சனின் ஆண்டிகிரைஸ்ட் சூப்பர்ஸ்டார் (1996) இதன் நேரடி வழித்தோன்றல். 1995ல் போவி தன் அவுட்சைட் பயணத்திற்கு நைன் இஞ்ச் நெய்ல்ஸை உடனழைத்துச் சென்றார். முன்னோடியும் வழிவந்தவரும் ஒரே மேடையில் நின்ற தருணம் அது. டேவிட் ஃபிஞ்சரின் செவன் (1995) படத்தின் பெயரோட்டத்தில் காயில் குழு மறுவடிவாக்கிய குளோசர் ஒலித்தது. காயிலின் பீட்டர் கிறிஸ்டோஃபர்சன் த்ராபிங் க்ரிஸ்லின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். அவ்வகையில் இண்டஸ்ட்ரியல் இசையின் முதல் தலைமுறை அதன் வெகுசன வெற்றியைத் தொட்டுக் கைமாற்றித் தந்த இடமாக அதைக் கொள்ளலாம். ஃபிஞ்சரின் தி சோஷியல் நெட்வொர்க் (2010) படத்திற்காக ரெஸ்னர் அட்டிகஸ் ராஸுடன் ஆஸ்கார் விருது பெற்றார். இன்று திரையிசையில் இயல்பாகிவிட்ட இரைச்சலும் பியானோவும் கலந்த நடைக்கு வேர் எ வார்ம் பிளேஸ் போன்ற பகுதிகளில் இருக்கிறது.

மதிப்பீடு

இத்தொகுப்பில் ஒரு முரண் உள்ளது. கட்டுப்பாட்டை இழக்கும் ஒருவனைப் பற்றிய இப்படைப்பு, மிக இறுகிய கட்டுப்பாட்டுடன் செய்யப்பட்டது. ஒவ்வொரு அலறலும் இடம்பார்த்து வைக்கப்பட்டது. அந்தத் தொழில்நேர்த்தியே ரெஸ்னரைக் காத்தது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் நடந்தது வேறு. தொகுப்பைத் தொடர்ந்த நீண்ட இசைப்பயணத்தின்போது அவர் மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையானார். 2001 வாக்கில்தான் அதிலிருந்து மீண்டார். தான் எழுதிய கதை தன் வாழ்க்கையானதைப் பின்னர் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

வீழ்ச்சியை அழகாக்குவது எளிது. மேன்சன் வீட்டின் கதவைக் கொண்டுசெல்லும் மனநிலை அந்த எளிமைக்கு அருகில் இருந்தது. ஆனால் இசை அதைக் கடந்தது. ஹர்ட் பாடலின் உறுத்தும் சுரத்திலும், தி பிகமிங்கில் ஓசையாகத் தேய்ந்துபோகும் அலறலிலும் வீழ்ச்சி கவர்ச்சியாக இல்லை, இழப்பாகவே இருக்கிறது. அதிர்ச்சியூட்டும் தன்மை காலத்தால் மங்கிவிட்டது. 1994ல் வெட்டப்பட்ட காட்சிகள் இன்று யாரையும் திடுக்கிடச் செய்யாது. அதிர்ச்சி வடிந்த பின்னும் எஞ்சி நிற்பவை இதன் கட்டமைப்பும் அமைதிகளும் கடைசிப் பாடலில் இன்னொருவரை நோக்கி நீளும் குரலும். தி டவுன்வர்ட் ஸ்பைரல் அவற்றுக்காகவே இன்றும் கேட்கப்படுகிறது.